ஆட்டத்தில் பங்கு

1

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீனின் சினைப்பருவத்துக்கென்று அரசு விதித்திருக்கும் தடைக்காலம், அறுபத்தோரு நாள். படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கின்றன. சிலவற்றைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள். மற்ற மாதங்களில் ஊரின் இளைஞர்களில் பாதிப்பேர் கடலில் இருப்பார்கள் அல்லது தூங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த இரண்டு மாதம்தான் எல்லோரும் ஒரே சமயத்தில் கரையில் விழித்திருக்கும் காலம். ஆகவே மாலையில் பந்தாட்டம் பெரிதாக நடக்கும். பாக் நீரிணையில் பிடிபட்டு அக்கரைச் சிறையில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர்களும் அந்த ஆட்டத்தில் உண்டு.

சென்ற தடைக்காலத்தில் ஒருநாள், ஆட்டம் முடிந்து மணலில் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அதில் ஒருவன் இன்னொருவனின் தோளில் முழங்காலை ஊன்றி மேலே எழும்பி, அந்தரத்தில் பந்தை இரண்டு கையாலும் பிடித்தான். பந்து உருண்டையாக இல்லை. தேங்காய் போல நீண்டிருந்தது.

"மாமா, இது ஃபுட்பாலா, வேற எதுவுமா?"

ஆஸ்திரேலியாவில் ஃபுட்பால் என்றால் பல ஊர்களில் இதுதான் என்றேன்.

"இதுக்குச் சம்பளம் உண்டா?"

உண்டு என்றேன்.

"யாரு குடுக்குறா? என்ன கணக்குல குடுக்குறா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அரைகுறையான பதில். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். ஆனால் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. ஆட்டத்தைக் கண்டு வியந்தவன் அடுத்த மூச்சில் கூலியைக் கேட்டது முதலில் எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. பிறகு அந்த ஏமாற்றத்தைத்தான் சந்தேகிக்கத் தொடங்கினேன். அழகைப் பார்த்தவன் காசைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நம்மைப் போன்றவர்கள் விளையாட்டைப் பற்றி எழுதுவதில்லை. சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று ஒரு காலத்தில் தயங்கினோம். அந்தத் தயக்கம் போய்விட்டது. விளையாட்டைப் பொறுத்தவரை அது அப்படியே இருக்கிறது. தினசரியின் கடைசிப் பக்கத்துக்கு உரிய விஷயம் என்று விட்டுவிட்டோம். ஆனால் உடம்பை வைத்துப் பிழைப்பவனின் சரித்திரம் என்று ஒன்று உண்டு. அந்தச் சரித்திரத்தின் ஒரு சிறு பகுதியை, பையனின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே பார்க்க முயல்கிறேன்.

2

முதலில் அந்த ஆட்டம்.

1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்பவர் மெல்போர்னின் விளையாட்டுப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்களின் உடம்பு கட்டுவிட்டுப் போகிறது, ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வருஷம், 1859 மே 17 அன்று, மெல்போர்ன் கழகத்தார் சிலர் ஒரு விடுதியில் கூடிப் பத்து விதிகளை எழுதினார்கள். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்துக்கு லண்டனில் விதிகள் எழுதப்பட்டது 1863இல்தான். ஆக இங்கே காலனிதான் முந்திக்கொண்டது.

கிரிக்கெட்டுக்கென்று இருந்த முட்டைவடிவ மைதானம் இந்த ஆட்டத்துக்கும் மைதானமாயிற்று. பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக்கூடாது. இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு புள்ளி. தவறி ஓரத்துக் கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே போனால் ஒரு புள்ளி. தவறியதற்கும் ஏதோ கொடுக்கிற ஆட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

விக்டோரியாவின் ஆதிக்குடிகள் தோல்பந்தை உதைத்து அந்தரத்தில் பிடித்து ஆடிய 'மார்ன்குரூக்' என்ற ஆட்டம் இதற்கு மூலமா என்பது இன்றும் தீராத வழக்கு. வில்ஸ் சிறுவயதில் ஆதிக்குடிப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், அவர்கள் பாஷை பேசியவர் என்பது ஒரு பக்கம். விதிகளை எழுதியவர்கள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது மறுபக்கம். வில்ஸின் வாழ்க்கையே இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டது. 1861இல் குவீன்ஸ்லாந்தில் அவர் தந்தையையும் சேர்த்து வெள்ளைக் குடியேறிகள் 19 பேரை ஆதிக்குடிகள் கொன்றார்கள். பழிக்குப் பழியாகக் கொல்லப்பட்ட ஆதிக்குடிகள் அதைவிடப் பல மடங்கு. ஐந்து வருஷம் கழித்து, 1866 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஓர் ஆதிக்குடி கிரிக்கெட் அணியைப் பயிற்றுவித்து மெல்போர்ன் மைதானத்தில் இறக்கியவரும் அதே வில்ஸ்தான். குடியால் சீரழிந்து 1880இல் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் கதையில் எனக்கு இங்கே வேண்டியது ஒரு சிறிய தகவல். வில்ஸ் கனவான் வீட்டுப் பிள்ளை. காசுக்கு ஆடுகிறவர் என்ற பெயர் ஆகாது. ஆனால் பணமில்லை. ஆகவே மெல்போர்ன் கிரிக்கெட் கிளப் அவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. வேலைக்கு 'ஆசான்' என்று பெயரிட்டது. கூலி கொடுக்கப்பட்டது, கூலி என்ற சொல் மட்டும் கொடுக்கப்படவில்லை. பின்னால் வரப்போவது எல்லாம் இதற்குள் இருக்கிறது.

3

1897இல் விக்டோரியா லீக் ஆடத் தொடங்கியது. மறைவாகக் காசு கைமாறுவது அதற்கு முன்பே உண்டு. 1911இல் லீக் அதை ஒப்புக்கொண்டது. ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கலாம் என்று விதி செய்தது. 1930இல் உச்சவரம்பு வந்தது: போட்டிக்கு மூன்று பவுண்டு. கூல்ட்டர் சட்டம் என்று அதற்குப் பெயர். கெட்டிக்காரனுக்கும் சாதாரணனுக்கும் ஒரே தொகை. ஹேடன் பண்ட்டன் என்ற மகத்தான ஆட்டக்காரனை ஃபிட்ஸ்ராய் கிளப் வரம்பை மீறிப் பணம் தந்து கொண்டுவந்ததாகக் குற்றம் வந்தது. 1930 பருவம் முழுவதும் அவன் ஆட முடியவில்லை. தடை நீங்கி வந்து அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரனுக்குரிய பிரௌன்லோ பதக்கத்தை மூன்று தடவை வாங்கினான் (1931, 1932, 1935).

அந்த ஃபிட்ஸ்ராய் கிளப்பில் 1932இல் இன்னொருவர் வந்து சேர்ந்தார். டக் நிக்கல்ஸ். பையனின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவர்தான் என்று இப்போது படுகிறது.

மர்ரே நதிக்கரையில் கம்மெராகுஞ்சா என்ற ஆதிக்குடிக் குடியிருப்பில் 1906இல் பிறந்தவர் நிக்கல்ஸ். உயரம் ஐந்தடி இரண்டங்குலம். தோளில் ஏறிப் பிடிக்கிற ஆட்டத்துக்கு இது உயரமே இல்லை. அவர் ஓட்டத்தை நம்பினார். 1927இல் கார்ல்ட்டன் கிளப்பில் முயன்றார். மற்றவர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் ஆள், இவருக்குப் பிடித்துவிட மறுத்தான். தோல் கறுப்பு, நாற்றம் அடிக்கிறது என்பது காரணம். நிக்கல்ஸ் அங்கிருந்து விலகி நார்த்கோட் என்ற சிறிய கிளப்புக்குப் போனார். அது 1929இல் பட்டம் வென்றது. அந்த வருஷமே வாரக்னபீல் என்ற ஊரில் நடந்த பரிசுப் பந்தயத்தில் ஓடி ஜெயித்தார். பிறகு ஊர் ஊராகக் கூடாரம் போட்ட ஜிம்மி ஷார்மனின் குத்துச்சண்டைக் கூட்டத்திலும் சேர்ந்தார். கூடாரத்து வாசலில் நிற்கும் சண்டைக்காரர்களில் ஒருவனோடு ஊர்க்காரன் எவன் வேண்டுமானாலும் மோதலாம். கூட்டம் காசு கொடுத்துப் பார்க்கும்.

ஓட்டம், குத்து, பந்து. மூன்றையும் அவர் விற்றார், விற்கிறேன் என்று தெரிந்தே விற்றார். பொருளாதாரம் சரிந்துகிடந்த அந்த வருஷங்களில் போட்டிக்கு மூன்று பவுண்டு சிறிய தொகையல்ல. ஃபிட்ஸ்ராயில் 1937 வரை 54 போட்டிகள் ஆடினார். முதல் நாள் உடை மாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் பண்ட்டன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான் என்பது அந்த ஆட்டத்தின் கதைகளில் ஒன்று. 1935இல் விக்டோரியா மாநில அணிக்கு ஆடினார். அந்த அணியில் இடம்பெற்ற முதல் ஆதிக்குடி. பிறகு நார்த்கோட்டுக்கே திரும்பினார். முழங்கால் கெட்டு ஆட்டம் முடிந்தது.

ஒரு வாழ்க்கைக் குறிப்பு இத்தோடு முடியும். நிக்கல்ஸின் வாழ்க்கை முடியவில்லை. 1938 ஜனவரி 26, வெள்ளையர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டு விழா நாளில், ஆதிக்குடிகள் சிட்னியில் அதைத் துக்க நாளாக அறிவித்துக் கூடினார்கள். அங்கே பேசியவர்களில் அவரும் ஒருவர். பின்னால் மெல்போர்னில் போதகர் ஆனார். தம் மக்களின் நிலத்துக்காகவும் வாக்குரிமைக்காகவும் அலைந்தார். 1972இல் சர் பட்டம். 1976இல் தென் ஆஸ்திரேலியாவின் கவர்னர். 1988இல் காலமானார். லீக்கில் வருஷந்தோறும் ஒரு சுற்று ஆட்டங்களுக்கு இன்று அவர் பெயர்.

கூலி அவருக்கு மரியாதையைத் தரவில்லை. உடம்பு பிடித்துவிட மறுத்தவன் அவர் கூலியைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்தான். அந்தத் தோல் வழக்கும் அவரோடு முடிந்துபோகவில்லை. 1993 ஏப்ரல் 17 அன்று, காலிங்வுட் மைதானத்தில் கூட்டத்தின் வசவைக் கேட்டுக்கொண்டே ஆடி ஜெயித்த நிக்கி வின்மார் என்ற ஆதிக்குடி ஆட்டக்காரன், சட்டையைத் தூக்கித் தன் வயிற்றுத் தோலை விரலால் காட்டி நின்றான். ஆனால் கூலி நிக்கல்ஸுக்கு ஒன்றைச் செய்தது. யாருக்கும் கடன்படாதவராக ஆட்டத்தைவிட்டு வெளியே வர விட்டது. கொடுத்தேன், வாங்கினேன், கணக்கு முடிந்தது. அப்புறம் பேசிய பேச்சை நன்றிகெட்ட பேச்சு என்று எந்தக் கிளப்பும் சொல்ல முடியவில்லை.

4

இனி நம் பக்கம். அதற்கு வழி அதே மெல்போர்ன் வழியாகத்தான் போகிறது.

1956 செப்டம்பர் 15 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. மெல்போர்னும் காலிங்வுட்டும் மோதின. வந்த கூட்டம் 1,15,802 பேர். ஆடியவர்கள் வாரம் பூராவும் கடையிலோ தொழிற்சாலையிலோ ஆபீசிலோ வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை சில பவுண்டுக்கு ஆடுகிறவர்கள்.

மூன்று மாதம் கழித்து அதே மைதானத்தில் ஒலிம்பிக். விருந்து கொடுக்கிற நாடு தன் சொந்த ஆட்டத்தை உலகுக்குக் காட்டலாம் என்ற சலுகையில், டிசம்பர் 7ஆம் தேதி ஆஸ்திரேலியக் கால்பந்து காட்சிப் போட்டியாக ஆடப்பட்டது. ஆனால் ஒலிம்பிக் விதி அமெச்சூர் விதி. ஆட்டத்துக்குக் காசு வாங்கியவன் உள்ளே வரக்கூடாது. செப்டம்பரில் லட்சம் பேரை இழுத்த ஆட்டக்காரர்கள் தங்கள் சொந்த மைதானத்தில் தங்கள் சொந்த ஆட்டத்தை ஆட அருகதை அற்றவர்கள் ஆனார்கள். அமெச்சூர் சங்கத்து அணி ஒன்று. லீக்குகளில் காசு வாங்காமல் ஆடியவர்களைப் பொறுக்கிச் சேர்த்த அணி ஒன்று. அமெச்சூர் சங்கம் 81க்கு 55 என்று ஜெயித்தது. காலத்தின் மிகச் சிறந்த ஆட்டம் தன் இரண்டாந்தர உருவத்தில் உலகத்தின் முன் நின்றது.

அதே நாள் அதே மைதானத்தில்தான் இந்தியா பல்கேரியாவோடு வெண்கலப் பதக்கத்துக்காக ஆடியது. உருண்டைப் பந்து. 0-3 என்று தோற்றது. ஆனால் அந்த இடம் வரை வந்ததே பெரிது. நான்கு வருஷத்துக்கு முன் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற அணி. அன்று பலரும் வெறுங்காலோடு ஆடினார்கள். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றார்கள். நெவில் டிசோஸா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியா. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

அந்த அணியில் ஹைதராபாத் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். ரயில்வேக்காரரான பிரதீப் பானர்ஜி இருந்தார். நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரின் கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜ் இருந்தார். 1955இல் டூரண்ட் கோப்பையை வென்ற அணி அது. இவர்களில் பலருக்குச் சம்பளம் உண்டு. சம்பளத்துக்குக் காரணம் பந்து. ஆனால் சம்பளப் பட்டியலில் எழுதியிருந்தது கான்ஸ்டபிள், சிப்பாய், குமாஸ்தா என்று. ஆகவே அவர்கள் அமெச்சூர்கள், உள்ளே வரலாம். இறுதி ஆட்டத்தில் தங்கம் வென்ற சோவியத் யூனியனுக்கும் இதே ஏற்பாடுதான். சனிக்கிழமை நாலு பவுண்டு வாங்கிய மெல்போர்ன் தொழிலாளி வெளியே. பந்துக்காகவே மாதச் சம்பளம் வாங்கிய நாம் உள்ளே. வித்தியாசம் ஒரு சொல்லில் இருந்தது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அமெச்சூர் என்ற தத்துவம் கனவான்களுடையது. வேறு வருமானம் உள்ளவன் மட்டும் ஆடலாம் என்பதன் நாகரிகமான வடிவம் அது. ஏழை நாடு அந்தச் சொல்லுக்குள் புகுந்து தன் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தேடிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஒலிம்பிக் கமிட்டி அதைக் கொடுக்கவில்லை.

5

அந்த விலையைத் துளசிதாஸ் பலராமின் வாழ்க்கையில் பார்க்கிறேன்.

பலராம் 1936இல் பிறந்தார், செகந்திராபாத் கண்டோன்மெண்டை ஒட்டிய அம்முகுடாவில். பெற்றோர் தமிழர்கள், பிழைப்புக்காக அங்கே போனவர்கள். ரஹீம் அவரைக் கண்டெடுத்தார். அம்முகுடாவிலிருந்து பயிற்சிக்கு வர வழியில்லை என்று பையன் சொன்னபோது, வாடகை சைக்கிளுக்கு நாளுக்கு ஒரு ரூபாய் ரஹீம் தம் கையிலிருந்து கொடுத்தார். இதைப் பலராம் பிற்காலப் பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் ஆட்டத்துக்குக் கிடைத்த முதல் காசு அந்த ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதைக் கூலி என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. அது பிரியம். ஆனால் ஒரு மனிதனின் தொழில் பிரியத்தில் தொடங்கும்போது அவனுக்குக் கணக்குக் கேட்கிற வழக்கம் வராமலே போகிறது.

இருபது வயதில் மெல்போர்ன் போன அணியில் இருந்தார். அந்தப் பருவத்தில் ஹைதராபாத் சந்தோஷ் டிராபியை வென்றது. 1957இல் கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். பிரதீப் பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்கிற காலம் ஒன்று இந்தியக் கால்பந்தில் இருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் கோல் பலராமுடையது. 1961இல் ஈஸ்ட் பெங்காலின் தலைவராக இருந்து கல்கத்தா லீக்கை வென்றார். 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில், மைதானம் பூராவும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசியத் தங்கம். கோல் காத்தவர் தங்கராஜ். அந்த வருஷம் பலராமுக்கு அர்ஜுனா விருது.

அடுத்த வருஷம் எல்லாம் முடிந்தது. ஜூனில் ரஹீம் புற்றுநோயால் இறந்தார். பலராம் ஈஸ்ட் பெங்காலைவிட்டு ரயில்வே அணியான பி.என்.ஆர். போயிருந்தார். அங்கே நுரையீரல் நோய் கண்டது. இருபத்தேழு வயதில் ஆட்டத்தை நிறுத்தினார். பாக்கி வாழ்க்கையை ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் ஒற்றை ஆளாகக் கழித்தார். 2023 பிப்ரவரி 16 அன்று, 86ஆம் வயதில் காலமானார். ஆடிய வருஷங்கள் ஏறக்குறைய எட்டு. ஆடாத வருஷங்கள் அறுபது.

இதே மாதிரி ஒரு முறிவு மெல்போர்னிலும் உண்டு. எஸ்ஸெண்டனின் ஜான் கோல்மன் 98 போட்டிகளில் 537 கோல் அடித்தவர். 1954இல் முழங்கால் கழன்றது, வயது 25. அதற்கு மேல் ஆடவில்லை. மதுவிடுதி நடத்தினார், அதே கிளப்புக்குப் பயிற்சியாளராக இருந்து இரண்டு பட்டம் வாங்கிக்கொடுத்தார், 44 வயதில் இறந்தார். உடம்பு முறிவது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். முறிந்தபின் மனிதன் எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான் என்பதில்தான் வித்தியாசம்.

பலராம் காத்திருந்தார். பிரதீப் பானர்ஜிக்கும் சுனி கோஸ்வாமிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. தான் ஆடிய கிளப்பின் மேலும் ஆட்டத்தின் அதிகாரிகள் மேலும் அவருக்கு மனத்தாங்கல் இருந்தது, அதைப் பேட்டிகளில் மறைக்கவும் இல்லை. படித்தவர்கள் சிலர் இதை வயதான மனிதரின் கசப்பு என்று ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலி என்று பெயர் சொல்லிக் கொடுத்ததில் குறை இருந்தால் கணக்குக் கேட்கலாம், வழக்குப் போடலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். கௌரவம் என்று கொடுத்ததில் குறை இருந்தால் என்ன செய்வது? காத்திருக்கலாம். மனம் புண்படலாம். கௌரவம் வரவில்லை என்று வெளியே சொன்னால் அதுவே அகௌரவம் ஆகிவிடும். பலராம் அதையும் மீறிச் சொன்னார். தனக்குப் பாக்கி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எந்த நோட்டில் எழுதிய பாக்கி என்று காட்டத்தான் நோட்டே இருக்கவில்லை.

நிக்கல்ஸுக்கு அந்த நோட்டு இருந்தது. தோலின் பெயரால் தள்ளப்பட்ட அவர் கவர்னர் ஆனார், தோளில் தூக்கிக் கொண்டாடப்பட்ட பலராம் குமைந்தார் என்று இரண்டையும் பக்கத்தில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். முழு நியாயம் இல்லைதான். நிக்கல்ஸின் பின்னால் ஒரு மக்கள்கூட்டமும் ஓர் இயக்கமும் இருந்தன. பலராமோ பெற்றோரின் ஊரைவிட்டுப் பிறந்த ஊர், பிறந்த ஊரைவிட்டு ஆடிய ஊர் என்று போய், எந்த ஊருக்கும் முழுதாகச் சொந்தமாகாதவர். தமிழ்நாட்டில் அவரைத் தமிழர் என்று தெரிந்தவர்களே சொற்பம். ஆனால் ஆட்டத்தைவிட்டு வெளியே வரும்போது ஒருவன் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி இரண்டு பேருக்கும் பொது.

6

எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன்.

விசைப்படகில் சம்பளம் கிடையாது, பங்கு. மீன் ஏலம் போனதும் டீசலும் ஐஸும் சாப்பாட்டுச் செலவும் கழித்து, மிச்சத்தில் முதலாளிக்கு இவ்வளவு, ஓட்டுபவனுக்கு இவ்வளவு, வலையிழுப்பவனுக்கு இவ்வளவு. ஏமாற்று இல்லை என்று சொல்லமாட்டேன். நிறைய உண்டு, சண்டையும் உண்டு. ஆனால் பங்கு கேட்பது யாருக்கும் வெட்கமாக இருந்ததில்லை. கடலைப் பற்றி ஒருவன் எவ்வளவு பெரிதாகப் பேசினாலும் கரைக்கு வந்ததும் கணக்கில் உட்காருவான். கடலை நேசிப்பதும் பங்கு கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை.

1970களில் நானும் இந்த மணலில் ஆடினேன், சுமாராக. எங்களில் ஒருவன் மட்டும் வேறு ஜாதி ஆட்டக்காரன். பந்து அவன் காலை விட்டுப் பிரியப் பயப்படுவது போல இருக்கும். நகரத்து ஸ்தாபனம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, வா, வேலை போட்டுத் தருகிறோம் என்று அழைத்துப் போனார்கள். இரண்டு வருஷம் ஆடினான். தற்காலிகம் என்றார்கள், ஆகிவிடும் என்றார்கள். முழங்கால் போயிற்று. பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு எழுத்தில் இருக்கவில்லை. ஊருக்கு வந்து படகில் ஏறினான். கெட்ட காலோடு முப்பது வருஷம் வலை இழுத்தான்.

கைப்பேசிப் பையன் கேட்ட கேள்வியை அவனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"புத்திசாலிப் பய. நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்டா. படகுல ஏறும்போது பங்கு என்னன்னு கேட்டுட்டுத்தான் ஏறினேன். அங்க போகும்போது மட்டும் கேக்கத் தோணல. பெரிய மனுஷங்க கூப்பிடுறாங்கன்னு போயிட்டேன்."

இதை எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புவதில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாமும் அமெச்சூர்கள்தான். காசு வாங்காமல் எழுதுகிறோம் என்பது நம் பெருமைகளில் ஒன்று. காசுக்கு எழுதுகிறவன் என்பதை நாம் வசவாகவே பயன்படுத்தியிருக்கிறோம். ஆனால் பாங்கும் தபாலாபீசும் தாலுகா ஆபீசும் கல்லூரியும் மாதாமாதம் நமக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தன, அந்த ஹைதராபாத் போலீஸ்காரர்களுக்குக் கொடுத்த மாதிரி. அந்த வேலை கிடைக்காதவன் எழுதவில்லை. அல்லது எழுதி, நோயில் விழுந்து, பிறகு நம்மிடம் நிதி திரட்டலுக்கு வந்தான். நிதி திரட்டினோம், நினைவு மலர் போட்டோம். அவனுக்கு நாம் கொடுக்கவேண்டியிருந்த பாக்கி என்று யாரும் எழுதவில்லை. பிரியத்தால் தருகிறோம் என்றே எழுதினோம்.

கவிதைக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு என்று விலை வைக்கச் சொல்லவில்லை. வைக்க நம்மிடம் பணமும் இல்லை. யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், யாருக்குக் கிடைக்காமல் போயிற்று என்பதையாவது பெயர் சொல்லி எழுதிவைக்கலாம்.

ஜூன் 14 இரவு படகுகளில் ஐஸ் ஏற்றினார்கள். அந்தப் பையனும் ஏறினான். ஏறுமுன் ஓட்டுபவரிடம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தான். தூரத்தில் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. என்ன கேட்டிருப்பான் என்று தெரியும்.